திருப்பிக் கேட்டால் தப்பு

வெளிநாடு போய்வந்து எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே கப்பல் ஏறிவிடுவார்கள். நான் ஏறியது திண்டுக்கல் வழியாகப் போகும் ரயில். ஆனாலும் இதை வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றே வாசகர்கள் கொள்ள வேண்டும். நான் போனது மொழிபெயர்ப்பாளனாக. தமிழ்ப் பிள்ளைகளோடு பேச ஒரு தமிழருக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டால், அந்த இடம் வெளிநாடு இல்லாமல் வேறென்ன?

அந்தத் தமிழர் ஒரு டாக்டர். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. பிள்ளைகள் கணக்கை எப்படிக் கற்கிறார்கள், எந்த வயதில் அவர்கள் தலைக்குள் 'அளவு' என்ற எண்ணம் குடியேறுகிறது என்பதை ஆராய்ந்து, கடல் கடந்து பட்டம் வாங்கி வந்தவர். பூர்வீகம் தஞ்சாவூர், வளர்ந்தது டில்லி. தமிழில் அவருக்கு 'எவ்வளவு', 'சீக்கிரம்', 'போதும்' என்று மூன்று சொற்கள் தெரியும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஒரு மனிதர் கௌரவமாக வாழலாம் என்பது எனக்கு அவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நான் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன். இன்டர்மீடியட்டில் என் கணக்கு விடைத்தாளை வாத்தியார் சக ஆசிரியர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாராம். என்னுடைய முதல் நகைச்சுவைப் படைப்பு அதுதான். இதை நான் ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். "கணக்குத் தெரிந்தவர் சரியான விடையைத் தெரியாமலே முகத்தில் காட்டிவிடுவார். உங்கள் முகத்தில் அந்த ஆபத்து இல்லை" என்றார் இங்கிலீஷில். ஆக, முகத்துக்காக எனக்குக் கிடைத்த முதல் வேலையும் இதுவே.

விடியும் நேரத்தில் திண்டுக்கல்லில் இறங்கினோம். ஊருக்குப் பின்னால் மலைக்கோட்டை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஜட்கா வண்டிக்காரர் டாக்டரின் மரப்பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க சார், கிணுகிணுங்குது?" என்று கேட்டார். கண்ணாடி டம்ளர்கள் என்றேன். "டம்ளரா? இந்த ஊருல டம்ளருக்குப் பஞ்சமில்ல சார். ஊத்துறதுக்குத்தான் தண்ணியில்ல."

அது எவ்வளவு உண்மை என்பது லாட்ஜில் தெரிந்தது. "குளிக்கத் தண்ணி ஒரு வாளி, சார்" என்றார் மானேஜர். முகம் கழுவ? "அதுவும் அந்த வாளிக்குள்ளதான்." எங்கள் திருவல்லிக்கேணியில் குழாயடிச் சண்டை நடக்கும், இங்கே சண்டை போடக் குழாயே இல்லை. இந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று மானேஜர் ஏதோ பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பெருமையாகச் சொன்னார். பூட்டுக்குப் பேர்போன ஊராயிற்றே என்று அறைக்கு ஒரு பூட்டுக் கேட்டேன். "நம்ம ஊருல பூட்டு எதுக்கு சார்? எல்லாம் வெளியூருக்குப் போறதுதான்" என்றார். பிறகு, வந்திருப்பவர் டாக்டர் என்று அறிந்து, வேட்டியை உயர்த்தி முழங்காலைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் முழங்காலைக் கருணையோடு பார்த்து, "போதும்" என்றார்.

மறுநாள் காலை கல்வி இலாகா ஜீப் வந்தது. நாங்கள் போக வேண்டிய பள்ளிக்கூடம் சித்தையன்கோட்டையைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில். செம்பட்டிக்கு அப்பால் ஜீப் பெருமூச்சு விட்டு நின்றது. "செத்த நேரம் இருங்க சார், சூடு ஆறட்டும்" என்று டிரைவர் மூடியைத் திறந்தார். ஆவி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கிணறு இல்லை. அவர் பார்வை மெல்ல டாக்டரின் காலடியில் இருந்த தண்ணீர்க் கேனுக்குப் போயிற்று.

டாக்டர் கேனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "இது ஆராய்ச்சிக்கான தண்ணீர் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். டிரைவர் யோசித்தார். "ஆராய்ச்சியில தண்ணிய என்ன பண்ணுவாரு?"

"ஒரு டம்ளர்லேருந்து இன்னொரு டம்ளர்ல ஊத்துவார்."

"பெறகு?"

"பெறகு திருப்பி ஊத்துவார்."

டிரைவர் கேனை இன்னொரு தடவை பார்த்தார். மனிதர்களைப் பற்றி ஏற்கெனவே கொண்டிருந்த ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டவர்போல மூடியைப் போட்டார். நாங்கள் பஸ்ஸில் போனோம். நிற்கத்தான் இடம். மல்லிகைக் கூடைக்கும் வெங்காய மூட்டைக்கும் இடையில் நான் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றேன். சென்னை பஸ்ஸில் என் வயிற்றுக்காக என்னை முறைப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் தன் கூடையை அதன்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வந்தார்.

இதுவரை நான் கோபப்படவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் மெதுவாக வரும். வந்தால், அதற்கு முன்னால் பசி வரும்.

பள்ளிக்கூடம் இரண்டு ஓட்டுக் கொட்டகை. பெரியதில் தலைமையாசிரியர். வெள்ளைச் சட்டை, மேஜைமேல் ஒரு பிரம்பு. அதற்கு எண்ணெய் போட்டு மினுமினுப்பாக வைத்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற என் உள்ளங்கை தானாக வேட்டிக்குள் ஒளிந்தது. சிறிய கொட்டகையில் ஆரோக்கியமேரி டீச்சர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். இந்த இரண்டு வகுப்பையும்தான் இலாகா 'பரிசோதனை வகுப்பு' என்று அழைத்தது.

விஷயம் இதுதான். டீச்சர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் செய்விப்பதில்லை. புளியங்கொட்டையையும் ஈர்க்குச்சியையும் கொடுத்து, கூட்டவும் பிரிக்கவும் பரப்பவும் குவிக்கவும் விடுவார். மனப்பாடமெல்லாம் மூன்றாம் வகுப்பில் போதும் என்பது அவர் கட்சி. இலாகா அதிகாரி ஒருவர் நல்ல மனநிலையில் இருந்த நாளில் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டார். இப்போது, பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அளவு புரிந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல டாக்டரை அழைத்திருந்தார்கள். புரிந்திருந்தால் வகுப்பு நீடிக்கும். புரியவில்லை என்றால் மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய கொட்டகைக்கு, அந்த எண்ணெய் போட்ட பிரம்புக்கு, அனுப்பிவிடுவார்கள்.

தலைமையாசிரியர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "வாய்ப்பாடு ஏறாத தலையில புளியங்கொட்ட ஏறுமா சார்? ஊருல புளி விலதான் ஏறுது."

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு வரிசை நின்றது. டாக்டர் ஊசி போட வந்திருக்கிறார் என்று சேதி பரவிவிட்டதாம். இவர் தண்ணீர் ஊற்றுகிற டாக்டர் என்று நான் விளக்கினேன். ஒரு பெரியவர், "தண்ணி வைத்தியமா? அதுவும் நல்லதுதான், நின்னு பாப்பம்" என்று வரிசையை விட்டு நகரவில்லை.

சோதனை இப்படி. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர். இரண்டும் ஒரே அளவா என்று கேட்போம். பிள்ளை ஆமாம் என்றதும், ஒரு டம்ளர் தண்ணீரை டாக்டர் ஒடுங்கிய நெட்டைக் கண்ணாடி ஒன்றில் ஊற்றுவார். அதில் தண்ணீர் கழுத்துவரை ஏறி நிற்கும். இப்போது ஒரே அளவா, ஒன்றில் கூடவா? ஒரே அளவு என்று சொல்லும் பிள்ளைக்கு அளவு பிடிபட்டுவிட்டது. உயரத்தைப் பார்த்து ஏமாந்து, நெட்டையில் கூட என்று சொல்கிற பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. குருட்டாம்போக்கில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, விடை எதுவானாலும் இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டாவது விடைதான் கணக்கில் ஏறும். இது டாக்டரின் முறை. அந்தச் சொல்லை அவர் சாமி கும்பிடுவதுபோல உச்சரிப்பார்.

டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது. அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

முதலில் வந்தவள் பேச்சி. ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. தண்ணீர் நெட்டைக் கண்ணாடியில் ஏறுவதை வாயைத் திறந்து பார்த்தாள். கேட்டேன். "ஒரே அளவுதான். அதே தண்ணிதானே" என்றாள், இதைக் கேட்கவா மெட்ராஸிலிருந்து வந்தாய் என்கிற மாதிரி. எனக்குச் சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை, அதற்காகத்தானே சம்பளம்.

"மறுபடி கேளுங்கள்" என்றார் டாக்டர்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ரெண்டும் ஒரே அளவா, ஒண்ணுல கூடவா?"

பேச்சி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் முகத்தைப் பார்த்தாள். கடைசியாகத்தான் தண்ணீரைப் பார்த்தாள். "இதுல கூட" என்று நெட்டையைத் தொட்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்து மைக்கேல். ஒரே அளவு என்றான். திருப்பிக் கேட்டேன். நெட்டையில் கூட என்றான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்த ஒருத்தி, திருப்பிக் கேட்டதும் நெட்டையில் குறைச்சல் என்றாள். ஏன் என்றேன். "ஊத்தயில கொஞ்சம் சிந்தியிருக்கும்" என்று டாக்டரின் கையைச் சந்தேகமாகப் பார்த்தாள். மாலைக்குள் இரண்டு வகுப்பும் ஏறக்குறைய முழுதாகக் கவிழ்ந்துவிட்டது. வரிசையாக ஒரே அளவு என்று ஆரம்பித்து வரிசையாக மாற்றிச் சொன்னார்கள்.

பெட்டியை மூடும்போது டீச்சர் வந்தார். "சார், முந்தாநாள் அதே பேச்சிகிட்ட புளியங்கொட்டைய குமிச்சு வச்சுக் கேட்டேன், பரப்பி வச்சுக் கேட்டேன். அம்புட்டும் அதேதான் டீச்சர்ன்னு சிரிச்சா. இன்னைக்கு என்னாச்சு அவளுக்கு?"

டாக்டர் அன்பாகச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இது வராது. டீச்சர் மீது குற்றமில்லை. மரம் பழுக்குமுன் உலுக்கிப் பயனில்லை. அதுவரை வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யட்டும், அதற்குப் புரிதல் தேவையில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது என் நாக்கு கசந்தது. நான் அப்படித்தான் கணக்குப் படித்தவன். விளைவைத்தான் மேலே பார்த்தீர்களே.

அன்று இரவுச் சாப்பாட்டில் பரோட்டா எனக்கு ருசிக்கவில்லை. அது எனக்கு அபூர்வமான நோய்.

மூன்றாம் நாள் விட்டுப்போன பிள்ளைகளை முடித்ததும், டீச்சர் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முதல் நாள் தன் வகுப்பைக் கவிழ்த்தவர்களுக்கு மறுநாள் கோழி அடித்துக் குழம்பு வைக்கிற பெருந்தன்மை எங்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் கிடையாது. அங்கே மோர்கூடக் கிடைக்காது. சுவரில் இயேசுநாதர் படம், கீழே வாடாத மல்லிகைச் சரம். டீச்சரின் கணவர் அந்தோணி வாழைக்காய்த் தரகர்; சந்தையில் கத்திக் கத்தி அடைத்துப்போன குரல். பரிமாறும் பொறுப்பு அவருடையது.

"என்ன சார், வெஞ்சனத்தத் தொடவே இல்ல? கொத்தவரங்கா நம்ம தோட்டத்துது."

தொட்டேன். தொட்டதும் இன்னும் வைத்தார். போதும் என்றேன். "போதுமா?" என்றார். சரி, வையுங்கள் என்றேன். என் வயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயுளில் இரண்டாவது தடவை கேட்டதற்கு நான் மறுப்புச் சொன்னதில்லை.

டாக்டர் அளவாகச் சாப்பிடுகிறவர். இலைமேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி, "போதும்" என்றார், சுத்தமான தமிழில்.

அந்தோணி கரண்டியோடு நின்றார். "இம்புட்டுக்காணு சாப்பாட்டுக்கா டில்லியிலிருந்து வந்தீக? போதுமா சார்?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அந்தோணி முகத்தைப் பார்த்தார். குழம்பைக் கடைசியாகப் பார்த்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினார். அந்தோணி நிறைய ஊற்றினார்.

என் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்தப் பார்வையின் வரிசையை நான் முதல் நாள் பார்த்திருக்கிறேன். முகம், முகம், கடைசியில் பொருள். பேச்சி அப்படித்தான் பார்த்தாள்.

"டாக்டர், இப்போது உங்கள் வயிறு நிறைந்திருந்ததா இல்லையா?"

"நிறைந்திருந்தது."

"பிறகு ஏன் வாங்கிக்கொண்டீர்கள்?"

"அவர் மறுபடி கேட்டாரே. மறுத்தால் நன்றாக இருக்காது. இது உங்கள் ஊர் மரியாதை, உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படியானால் உங்கள் முறைப்படி நான் எதை எழுதிக்கொள்வது? இந்த டாக்டருக்கு இந்த வயதிலும் தன் வயிற்றின் அளவு பிடிபடவில்லை என்றா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. புத்திசாலிதான், அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்ததும் அந்த நொடிதான். புரியாத மனிதர்மேல் நான் கோபப்படுவதில்லை. புரிந்துகொண்டு இலையைப் பார்க்கிறவர்மேல் வரும்.

சாப்பிட்ட கையோடு நானே பேச்சியைத் தேடிப் போனேன். டாக்டரும் டீச்சரும் பின்னால் வந்தார்கள். பேச்சி பள்ளி மதிய உணவு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்து, ஒரு கை தண்ணீரில். அந்த ஊரில் தண்ணீரின் அளவு தெரியாதவள் என்று எழுதப்பட்ட பிள்ளை.

"நேத்து மொதல்ல ஒரே அளவுன்னு சொன்னியே. ஏன் மாத்துன?"

"நீங்கதான் திருப்பிக் கேட்டீகளே."

"கேட்டா?"

என் மூளை வளர்ச்சியைப் பற்றிக் கவலைப்பட்டவளாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "திருப்பிக் கேட்டா தப்புன்னு அர்த்தம். டீச்சர் அப்படித்தான் கேக்கும்."

திரும்பினேன். டீச்சர் முகம் வெளுத்திருந்தது. "நான் தப்புங்கிற வார்த்தையே சொல்றதில்ல சார்" என்றார் மெதுவாக. "சொன்னா புள்ளைக சுருங்கிப் போகுதுக. தப்பாச் சொன்னா, இன்னொரு தடவ பாரு அப்புன்னு கேப்பேன். அதுகளே பாத்து மாத்திக்கிரும். அடிக்காம திருத்த வேற வழி தெரியல." பிறகு, "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

உலகத்தில் எத்தனையோ அநியாயம் பார்த்திருக்கிறேன். பலவற்றைப் பற்றிச் சிரிப்புக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். பிள்ளையைப் பயமுறுத்தாத ஒரே காரணத்துக்காக ஒரு வாத்தியார் இப்படிக் கேட்க நேர்ந்ததற்கு எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு கோடைக்காலம் கோபப்பட்டாலும் தீராத கோபம் ஒரே மத்தியானத்தில் வந்தது.

டாக்டர் நடந்ததையெல்லாம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "மிகவும் சுவையான தகவல்" என்றார். "அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பாகப் போடலாம்."

"அடிக்குறிப்பா? இன்னொரு முறை சோதியுங்கள் ஐயா. ஒரு தடவை மட்டும் கேட்போம். ஒரு மத்தியான வேலை."

"முடியாது. மற்ற ஊர்களில் இரண்டு முறை கேட்டேன். இங்கே மட்டும் முறையை மாற்றினால் ஒப்பிட முடியாது."

"மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாதா? அங்கேயும் இதே கதையாக இருந்தால்?"

அந்த நினைப்பு அவருக்கு சாப்பாட்டுப் பந்தியிலேயே, கரண்டிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். எத்தனை ஊர் டம்ளர்கள் அதில் கவிழும் என்று அவருக்குத் தெரியும். "மரியாதையை அளக்க நான் வரவில்லை" என்றார் கடைசியில். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

நாலாம் நாள் அதிகாரி வந்தார். நெய்க்காரப்பட்டியில் உறவுக்காரர் கல்யாணமாம். போகிற வழியில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று பட்டுக்கரை வேட்டியில் இறங்கினார். பழனிப் பக்கத்துக்காரர். மரியாதையான மனிதர். அதனால்தான் சொல்கிறேன், மரியாதையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று.

டாக்டர் முடிவை வாசித்தார். அடிக்குறிப்பை வாசிக்கவில்லை, அடிக்குறிப்பின் வேலை அதுதானே. நான் குறுக்கே விழுந்து, குழம்புக் கரண்டியிலிருந்து பேச்சிவரை சொல்லி முடித்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க கணக்குப் படிச்சவருங்களா?"

"இல்லை."

"மனசைப் பத்தின சாஸ்திரம்?"

"இல்லை. நகைச்சுவை எழுதுகிறேன்."

"அப்படீங்களா" என்று மிகவும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். என் முகத்தின் பயன் அத்தோடு முடிந்தது.

"டீச்சர், புள்ளைங்களுக்கு இன்னும் அளவு புரியலைன்னு டாக்டர் சொல்றாருங்க. ஒத்துக்கறீங்கல்ல?"

"இல்லைங்க சார். புரியும்."

பெரிய கொட்டகையில் பதினாறாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது நின்றது. தலைமையாசிரியர் வாசலுக்கு வந்துவிட்டார். ஜன்னலில் சின்னத் தலைகள் முளைத்தன. முன்வரிசையில் பல்லில்லாத வாய் ஒன்று.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்லீங்க, இங்கியே மூணாம் வகுப்பு பாக்கலாம். இல்லைன்னா எங்க போடுவாங்கன்னு நான் சொல்ல முடியாது. வூட்டுக்காரருக்கு இங்கதானே யாவாரம். மறுபடி கேக்கறேன். ஒத்துக்கறீங்களா?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜைமேல் டாக்டரின் நெட்டைக் கண்ணாடி, முந்தின நாள் தண்ணீரோடு அப்படியே நின்றது. அதைப் பார்த்தார்.

"எத்தனை தடவ திருப்பிக் கேட்டாலும் தண்ணி அம்புட்டுதான் சார்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். பேச்சியின் வாய் இன்னும் அகலமாகத் திறந்திருந்தது. திருப்பிக் கேட்டும் விடையை மாற்றாத ஓர் ஆளை அந்தப் பிள்ளைகள் முதல் முறையாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த மூன்று நாளில் அந்தக் கொட்டகையில் நடந்த ஒரே கணக்குப் பாடம் அது. அதை அளக்க டாக்டரிடம் டம்ளர் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கோபமில்லாமல் எழுதியிருப்பேன். அதிகாரி "சரிங்க, பாக்கலாமுங்க" என்று கைகூப்பினார். ஜீப்பில் ஏறும்போது தலைமையாசிரியரிடம், "லீவு முடிஞ்சதும் ரெண்டு வகுப்பையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். டீச்சருக்கு ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் எங்கேயோ மாற்றல் என்று டிரைவர் போகிற போக்கில் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் புளியங்கொட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒருத்தரும் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் ஜீப் எங்களைக் கொடைரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. இந்தத் தடவை வழியில் ஒரு முறைகூட நிற்கவில்லை. வேண்டாதபோது நன்றாக ஓடும் வண்டி. எனக்குச் சென்னை ரயில். டாக்டருக்குக் கொடைக்கானல் பஸ். களைப்புத் தீர மலைமேல் ஒரு வாரம் தங்கி அறிக்கையை எழுதப் போகிறாராம். குளிர்ந்த இடத்தில் சிந்தனை தெளிவாக இருக்கும் என்றார். பிளாட்பாரத்தில் ஒருவர் சிறுமலை வாழைப்பழம் விற்றார். டாக்டர் எனக்கும் வாங்கிக் கொடுத்தார். தின்றேன். இனிப்பாகவே இருந்தது, பழத்தின் மேல் குற்றமில்லை.

ஸ்டேஷன் வாசலில் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். டாக்டர் ஏறி உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி என் தோளைத் தொட்டார்.

"என்மேல் கோபமா?"

"ஆமாம்."

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் புரிந்தது. மரியாதையான ஊரில் இந்தக் கேள்விக்கு முதல் விடை விடையே இல்லை. அவர் இன்னொரு தடவை கேட்பார், நான் சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வேன், இருவரும் கைகுலுக்குவோம். ஐம்பது வருஷமாக நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். சோற்றுக்கும் சொன்னேன், பத்திரிகை முதலாளிக்கும் சொன்னேன்.

"உண்மையாகவே கோபமா?"

"அம்புட்டுதான்" என்றேன் தமிழில். "அப்பக் கேட்டதுக்கும் இப்பக் கேக்கறதுக்கும் அம்புட்டுதான்."

"அப்படியென்றால் என்ன?" என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். பஸ் நகர்ந்தது. நான் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலை அன்று காலையோடு முடிந்திருந்தது.